சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று

செஞ்சியில் டாக்டர் ரங்கநாதனிடம் நான் பத்தொன்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். திண்டிவனம் ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஓடு போட்ட கட்டடம். முன்னால் டாக்டர் அறை, அதை ஒட்டிக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நான், பின்கட்டில் இரண்டு இரும்புக் கட்டில். வியாதியைக் கண்டுபிடிக்கிறவர் டாக்டர்தான். ஆனால் வியாதிக்காரனிடம் கடைசியாகப் பேசி அனுப்புகிறவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. வல்லத்திலிருந்தும் பனமலையிலிருந்தும் வருகிற ஜனங்கள் என்னைச் "சின்ன டாக்டரு" என்பார்கள். நான் ஒரு நாளும் திருத்தியதில்லை.

ஜன்னலில் வந்து சண்டை பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் வயிற்று எரிச்சல்காரர்கள். "நீ குடுத்த மாத்தரையிலே வயிறு பத்திக்கினு எரியுது" என்று பஸ்ஸில் வந்து இறங்கியதும் இறங்காததுமாகத் திட்டுவார்கள். அந்த ரோதனை தாங்காமல் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்த மாத்திரையானாலும் சரி, டாக்டர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் சரி, "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும், வெறும் வயித்துல போட்டே, குடலு வெந்துடும்" என்று மிரட்டி அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு சண்டை குறைந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம், மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பால்சாமி தன் மனைவியை ஒரு மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் போட்டுக் கொண்டுவந்தான். வல்லம் ரோட்டில் மாதா கோயில் தெருக்காரன். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் மலை அடிவாரத்தில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற வேலை. அவன் சம்மட்டியால் பாறையைப் பிளந்து போடுவான். அவள் அந்தத் துண்டுகளைப் பழைய டயர் வளையத்துக்குள் ஒவ்வொன்றாக வைத்து, சின்னச் சுத்தியால் தட்டி ஜல்லி ஆக்குவாள். கல் தெறிக்காமல் இருக்கத்தான் அந்த வளையம். பஸ்ஸில் போகும்போது நானே பார்த்திருக்கிறேன். நாலு கீற்றை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அந்த நிழலில் விரலில் ரப்பர் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாறைச் சூட்டுக்கு முன்னால் அந்த நிழல் எந்த மூலைக்கு?

லூர்துமேரிக்குப் பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல். நாக்கு வெளுத்துக் காய்ந்து, கண் செருகி, இல்லாத சுத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வைக்கோலைத் தட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"டைபாய்டு. ஆதிமூலம், கட்டில்ல போடு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு காப்சூல். நீயே போடு, அவன்கிட்ட விடாதே."

அந்தக் காப்சூல் மெட்ராசிலிருந்து வரவேண்டிய சரக்கு. ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து நானே போட்டேன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், செய்த நல்லதையும் சொல்லாவிட்டால் என் மேல் எனக்கே பரிதாபம் வராது. அந்த நாள்களில் பால்சாமி பின்கட்டுப் புளியமரத்தடியில் முட்டிபோட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டே இருப்பான். ஆறு வயசு மகள் ரோசுவைத் தன் அக்கா வீட்டில் விட்டிருந்தான். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஒன்பதாம் நாள் லூர்துமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் போகலாம், ஆனால் இன்னும் பத்து நாளைக்குக் காப்சூல் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர்.

அது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஜன்னலில் கூட்டம், வல்லம் பஸ் ஹாரன் அடிக்கிறது.

"நாளைக்கு விபூதிப் புதன், அதுக்குள்ள வூடு போய்ச் சேரணும் ஐயா," என்றான் பால்சாமி.

"இன்னாது, ஒங்க ஆளுங்களுக்கும் விபூதியா?"

"ஆமாங்க. சாமியாரு நெத்தியில சாம்பலு பூசுவாரு. தபசுகாலம் தொடங்குது."

"அட!" என்று சிரித்துவிட்டு, அதற்கு மேல் கேட்காமல், காப்சூல் புட்டியை நீட்டினேன். "நாப்பது இருக்குது. எண்ணிக்கோ."

"நாப்பதுங்களா?"

"நாப்பதுதான். ஏன், அம்பது வேணுமா?"

அவன் சிரிக்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கன்னம் ஒட்டிப்போன முகத்தில் கண்ணை அகல விரித்து, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள். சரி, சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

"எப்பிடிங்க போடறது?"

"ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒண்ணு. நல்லா கேட்டுக்கோ, சோறு உள்ள போயிருக்கணும். நொந்துபோன குடலு அது. வெறும் வயித்துல போட்டே, ஓட்டையாயிடும்."

"சோறு தின்னாத்தான் போடணும்."

"ஆமா."

"தின்னலேன்னா போடக் கூடாது."

"அதான் சொல்றனேப்பா! எத்தினி தடவ சொல்றது? பத்து நாள் கழிச்சி இட்டுக்கினு வா. போ, பஸ் போயிடப்போவுது."

டாக்டர் சீட்டில் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றுதான் எழுதியிருந்தது. அந்தச் சீட்டை ஆணியில் குத்திவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பத்து நாள் ஆயிற்று, வரவில்லை. குணமாகியிருக்கும், குணமானவன் எவன் திரும்பி வருகிறான்? பதினாலாம் நாள், அடுத்ததற்கு அடுத்த செவ்வாய், காலை ஒன்பதரை மணிக்கு அதே மாட்டு வண்டி வந்து நின்றது. அதே வைக்கோல். லூர்துமேரி முன்னைவிடப் பாதியாக இருந்தாள். வயிறு மட்டும் உப்பியிருந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக வைக்கோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டாளா?"

"ஒரு நாளு தவறலிங்க," என்று பால்சாமி மடியிலிருந்து புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே கடகடவென்று உருண்டது. காலியாக இருக்கவேண்டிய புட்டி. டாக்டர் கவிழ்த்துக் கொட்டி எண்ணினார். முப்பது.

"நாப்பதுல முப்பது மிச்சம். இதுதான் தவறாம போட்ட லட்சணமா?"

"தெனம் ஒண்ணுங்க. நாங்க ஒருசந்தி. தபசுகாலத்துல பொழுது சாய ஒரு வேளைதான் சோறு. சோறு தின்னதும் ஒண்ணு போட்டுக்குவா. நாப்பது நாளு ஒருசந்தி, நாப்பது மாத்தரை. மாதாவே எண்ணிக் குடுத்த மாதிரி இருந்திச்சிங்க."

"தினம் ஒண்ணுன்னா பதிமூணு போயிருக்கணுமே?" என்றார் டாக்டர்.

"ஞாயித்துக்கெளம ஒருசந்தி கெடையாதுங்களே. அதை நாப்பதுல சேக்கறதில்ல. அதனால மாத்தரையும் இல்ல. இந்த ஞாயித்துக்கெளமதான் திரும்பி காச்சலு கண்டுது. அதுலேந்து சோறு எறங்கல, எல்லாம் வாந்தி. சோறு இல்லாததால மாத்தரையும் குடுக்கல."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அட முட்டாளே! படுத்துக் கிடக்கிறவளுக்கு என்னடா விரதம்? ஒங்க சாமியார் இருக்கச் சொன்னாரா?"

"சாமியாரு சொல்லல. சீக்காளிக்கு ஒருசந்தி இல்லன்னுதான் பூசையிலே சொல்லுவாரு. அது சபைக் கட்டளைக்கு. இது நான் வேண்டிக்கினது. அவ சன்னி கண்டு கெடந்தப்ப, தோ இந்த மரத்தடியிலே பொருத்தனை பண்ணேன். எய்ந்து ஒக்காந்தா ரெண்டு பேரும் நாப்பது நாளும் இருக்கிறோம் தாயேன்னு. மறுநாளே காச்சலு எறங்கிச்சி. வாங்கிக்கினு ஏமாத்த முடியுங்களா?"

"கோரையை மேலாகக் கிள்ளிட்டு வயல் சுத்தமாயிட்டுதுன்னு நினைச்சியா? கிழங்கு உள்ளேயே இருக்குதே! நாலு நேரம் போட்டு அடியோட தோண்டி எடுக்கணும். ஒண்ணு ஒண்ணா போட்டா அது செத்தும் சாகாம கிடந்து திரும்ப முளைக்கும். இந்தத் தடவை குடல்ல ரத்தம் கசிஞ்சா என் கையில ஒண்ணும் இல்லை, சொல்லிட்டேன்." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பாண்டிக்கு அனுப்பலாம்னா, அவ்வளவு தூரம் வண்டி குலுக்கல் தாங்கமாட்டா. இப்பவே ஒண்ணு போடு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடாம போடு. எனக்கு விழுப்புரம் கோர்ட்டுல சாட்சி இருக்கு, ராத்திரிதான் வருவேன்."

சாப்பாட்டுக்கு அப்புறம் என்று யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. கார் கிளம்பிப் போயிற்று.

பத்து மணிக்குக் காப்சூலும் தண்ணீருமாகக் கட்டிலருகே போனேன். லூர்துமேரி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வாயத் தெற மேரி," என்றான் பால்சாமி.

"சோறு தின்னல," என்றாள். குரல் பஞ்சுபோல வந்தது. "குடலு ஓட்டையாயிடும். சின்ன டாக்டரு சொன்னாரு."

"கஞ்சி குடி. குடிச்சிட்டுப் போட்டுக்க."

"ஒருசந்தி..."

"ஒருசந்தி கெடக்குது. நான் வேண்டிக்கினத நானே முறிச்சிக்கறேன். எனக்கு நீ வேணும்."

"முறிச்சா ஒனக்கு ஆவாது. நீ பாறையிலே நிக்கிறவன், ரோசு நைனா. வெடி வெக்கிறவன். வேணாம்."

அவன் கெஞ்சி, முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினான். ஊற்றியது அப்படியே வெளியே வந்தது. அவளால் குடிக்கவும் முடியாது. குடிக்காமல் காப்சூல் போடவும் மாட்டாள். அவள் வயிற்றுக்கும் அந்தக் காப்சூலுக்கும் நடுவே என் வாக்கியம் ஒன்று மட்டும் நின்றது.

"பரவால்லம்மா, சும்மாவே போடலாம்," என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி ஓட்டையாயிடும்னீங்களே?"

"அது அன்னிக்கி. இன்னிக்கிப் போடலாம்."

"அன்னிக்கி ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணுங்களா?" என்று கேட்டவன் பால்சாமி. மரியாதையாகத்தான் கேட்டான். அவன் கண்ணிலும் சந்தேகம் இருந்தது. பெண்டாட்டி எப்படியும் பிழைக்கமாட்டாள், கைகழுவி விடுகிறார்கள் என்று நினைத்திருப்பான். அவள் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலுக்குத் திரும்பிவிட்டேன். பத்து மணிக் காப்சூல் என் கையில் பிசுபிசுத்தது.

அன்று மாசி வெயில் அப்படியொரு வெயில். ராஜகிரி மலைப்பாறையிலிருந்து அனல் இறங்கி, ஓட்டுக்கடியில் உட்கார முடியவில்லை. என் வீட்டுக்காரி ரஞ்சிதம் தூக்கில் அனுப்பிய தயிர்சோற்றைத் திறக்கக்கூட மனம் வரவில்லை. பின்கட்டில் பால்சாமி புளியமரத்தடியில் நின்று நெஞ்சில் மடார் மடார் என்று குத்திக்கொண்டிருந்தான். "என் பாவமே, என் பாவமே. என் வாயாலதான் கெட்டுது தாயே. நான் வேண்டிக்காம இருந்திருந்தா தின்னிருப்பாளே, மாத்தரை போட்டிருப்பாளே." பதினாலு நாள் ஒரு வேளைச் சோற்றோடு சம்மட்டி அடித்த உடம்பு. விலா எலும்பு எண்ணிவிடலாம். ஒவ்வொரு குத்தும் எனக்கு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் வேலையை விட்டு அனுப்பிவிடுவார். ஊரில் சின்ன டாக்டர் பேர் நாறிப்போகும். சம்மட்டி பிடித்த கை, ஓர் அறை விட்டால் என்ன ஆவேன்? இப்படி எல்லாம் யோசித்தேன். அங்கே ஒருத்தி கட்டிலில் கிடக்கிறாள், நான் என் பேரை யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

மூன்றரை மணிக்கு ஜன்னலில் ஒரு கிழவர் இருமலோடு வந்தார். மாத்திரையை மடித்துக் கொடுத்து, "சாப்பாட்டுக்கு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தேன். நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. கிழவர் "சாப்பாட்டுக்கு இன்னா?" என்று காத்துக்கொண்டு நின்றார். நான் புட்டியிலிருந்து ஒரு காப்சூலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

"பால்சாமி, இங்க வா."

வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில், அவளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு டாக்டர் சொல்லல. சீட்டுல ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னுதான் எழுதியிருக்குது. அந்தச் சாப்பாட்டுக் கதைய நான்தான் சேத்தேன். குடலு ஓட்டையாயிடும்னதும் நானா சொன்னது. அதுல உண்மை இல்ல. வெறும் தண்ணியிலே போடலாம். ஒருசந்தியும் முறியாது, ஒண்ணும் முறியாது. ஒன் வேண்டுதலால கெடல. என் வாயாலதான் கெட்டுது."

பால்சாமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"இது காலையிலேயே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"காலையிலேந்து நான் மாருல குத்திக்கினு அழுவுறேன். ஜன்னலு வழியா பாத்துக்கினுதான இருந்தீங்க?"

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அவ்ளோ நேரம் அவ மாத்தரை இல்லாம கெடந்தா." அவன் குரல் உயரவே இல்லை. "நாயிகூட பாத்துக்கினு இருக்காதே, கம்பவுண்டரே."

அவன் என் கையிலிருந்து காப்சூலைப் பிடுங்கிக் கட்டிலருகே முட்டிபோட்டான். "மேரி, கேட்டியா? சோறு வேணாமாம். தண்ணி போதுமாம். ஒருசந்தி அப்பிடியே நிக்குதாம்."

அவள் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். மாதா கோயிலில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்போது அப்படித்தான் நீட்டுவார்கள் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். காப்சூல் உள்ளே போயிற்று. வாந்தி வருமோ என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

ராத்திரி டாக்டர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இத்தனை வருஷமா எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லிட்டிருக்கியா?"

"ஆமா சார்."

அவர் திட்டவில்லை. "போய் அவளைப் பாரு," என்றார்.

மூன்றாம் நாள் அவளுக்குக் குடலில் ரத்தம் கசிந்து கறுப்பாக வெளியே போனது. டாக்டர் வீட்டுக்குப் போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று நானும் புளியமரத்தடிக்குப் போனேன், எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமலேயே கும்பிட்டேன். பதினோராம் நாள் காய்ச்சல் இறங்கியது. இந்தத் தடவை மேலும் பத்து நாள் கட்டிலிலேயே வைத்து, கடைசிக் காப்சூல்வரை என் கையால் போட்டுத்தான் அனுப்பினோம். அத்தனை நாளும் பால்சாமி என்னிடம் பேசவில்லை. காப்சூல் போடும் நேரத்துக்குச் சரியாக வந்து பக்கத்தில் நிற்பான், அவ்வளவுதான்.

தபசுகாலம் முடிந்து வந்த பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் இருவரும் ரோசுவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். லூர்துமேரி மொட்டைத் தலையில் முக்காடு போட்டிருந்தாள். டாக்டருக்கு ஒரு தூக்கு, எனக்கு ஒரு தூக்கு, இரண்டிலும் கறிக்குழம்பும் சோறும்.

"நான் படுத்துக் கெடந்தப்ப கஞ்சி குடிச்ச நாளுங்களுக்கெல்லாம் சேத்து இவருதான் ஒருசந்தி இருந்தாரு," என்றாள். "சில நாளு பச்சத் தண்ணிதான்."

"ஏம்பா, இப்படியா ஒடம்ப வதைக்கிறது?" என்றேன்.

பால்சாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. "தாயிகிட்ட வாங்கிக்கினோம் இல்ல," என்றான். பிறகு, "சோறு ஆறிடும், சாப்புடுங்க," என்றான். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஜன்னலில் அந்த வாக்கியத்தை நான் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன். வைகாசியில் ஒரு நாள் காத்தாயி வந்தாள். மண்டகப்பட்டுப் பக்கம், கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போகிறவள். மகளுக்குக் காதில் சீழ். டாக்டர் எழுதியது நாலு வேளை, ஐந்து நாளைக்கு.

"ஒங்க வூட்டுல ஒரு நாளைக்கி எத்தினி தடவ சாப்புடுவீங்க?" என்று கேட்டேன்.

"இது இன்னா புது கேள்வி? பொழுது சாஞ்சா ஒரு தடவ ஒல வெப்பேன்."

"விரதமா?"

காத்தாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். "விரதமாமே! வேல இருந்தா அந்த ஒரு வேள. இல்லேன்னா அதுவும் இல்ல. தை மாசம் என் மவனுக்கு மாருசளின்னு வந்தப்ப குடுத்தீங்களே, அதக்கூட சோறு ஊட்டிட்டு அந்த ஒரு வேளதான் குடுத்தேன். வெறும் வயித்துல குடுத்தா வெந்துடும்னீங்க, பயந்துக்கினே குடுத்தேன்."

கையிலிருந்த மாத்திரையைக் கீழே வைத்தேன். "பையன் எப்பிடி இருக்கான்?"

"அவன் அந்த மாசமே போயிட்டானே," என்றாள் காத்தாயி. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சீக்கிரம் மடிச்சிக் குடுங்க சின்ன டாக்டரே, பஸ்ஸு போயிடும்," என்றாள்.